தூங்கவும் எழவும் தெரிந்த மீடியா சர்வர்

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டு ஹார்டு டிஸ்க்கைப் போட்டு, மீடியா சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபின்னோ பிளெக்ஸோ ஏற்றி, ஹால் அலமாரிக்குள் வைத்துவிட்டால் வீட்டுக்கு ஒரு மீடியா சர்வர் தயார். சேர்த்து வைத்த படங்கள், பாட்டுகள், கல்யாண வீடியோ எல்லாம் டிவியில் வந்துவிடும். அதன் பிறகு அந்தப் பெட்டியை யாரும் அணைப்பதில்லை. சாயங்காலம் நான்கு மணி நேரம் படம் ஓடும். மீதி இருபது மணி நேரமும் அது யாருக்கும் பயன்படாமல் கரன்ட் இழுத்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு இழுக்கும் என்பதைப் பார்த்துவிடலாம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, பத்து வருடம் பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு, அதாவது தமிழ்நாட்டில் ஒரு பில் காலத்துக்கு, அது 72 யூனிட். தினமும் நான்கு மணி நேரம் மட்டும் விழித்திருந்து, மீதி நேரம் 2 வாட்டில் தூங்கினால் 14 யூனிட்டுக்குச் சற்று மேல். மிச்சம் 57 யூனிட். தமிழ்நாட்டில் இந்த 57-க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது; ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும் என்று இருந்தது. அந்தக் கணக்கில், கோடையில் ஏசி ஓடும் வீட்டில் 470-க்கும் 527-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 57 யூனிட்டின் விலை அல்ல.

சர்வரைத் தூங்க வைக்க ஒரே ஒரு கட்டளை போதும். அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. வேலை எல்லாம் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது: தேவைப்படும்போது அது எழ வேண்டும், தேவைப்படும்போது அது தூங்கிவிடக் கூடாது. இதில் எது தவறினாலும் வீட்டில் இருப்பவர்கள் அந்த ஏற்பாட்டையே தூக்கிப் போடச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் நியாயம். கிளைமாக்ஸில் நின்றுபோகும் படத்துக்கு யூனிட் கணக்கு ஆறுதல் ஆகாது. ஆகவே எழுப்பும் வழியை முதலில் சரிசெய்ய வேண்டும், தூங்க வைப்பதைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் இரண்டே நாளில் கைவிடுகிறார்கள்.

தூக்கத்தில் வகைகள் உண்டு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட, கம்ப்யூட்டரின் மின் நிலைகளை வரையறுக்கும் ஏசிபிஐ என்ற தரநிலைதான் இன்றைக்கும் அடிப்படை. அதில் எஸ்3 என்பது தற்காலிக நினைவகமான ராமுக்கு மட்டும் கரன்ட் கொடுத்துவிட்டு மற்றதை எல்லாம் நிறுத்துவது. எஸ்4 என்பது ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது. எஸ்5 என்பது முழு ஷட்டவுன். ஆனால் பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை மதர்போர்டில் ஒரு சிறு பகுதி உயிரோடு இருக்கும். மீடியா சர்வருக்கு ஏற்றது எஸ்3. ஒன்றிரண்டு வாட்டில் கிடக்கும். எழுப்பினால் சில நொடிகளில் நெட்வொர்க்கில் வந்து நிற்கும். எஸ்5-லிருந்து பூட் ஆகி, ஜெல்லிஃபின் தொடங்கி, முகப்புத் திரை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். ரிமோட்டைக் கையில் பிடித்திருப்பவருக்கு ஒரு நிமிடம் மிக நீளம்.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3-ஐ எடுத்துவிட்டு, ஃபோன்போல அரைத்தூக்கத்தில் இருக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய லேப்டாப்பை சர்வராக்க நினைப்பவர்கள் லினக்ஸில் ‘மெம் ஸ்லீப்’ என்ற ஃபைலைத் திறந்து பார்த்தால், எஸ்3-ஐக் குறிக்கும் ‘டீப்’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இனி எழுப்புவது. இதற்கு இன்றும் நாம் நம்பியிருப்பது ஏஎம்டி நிறுவனம் 1995-ல் விளக்கி வெளியிட்ட ‘மேஜிக் பாக்கெட்’ என்ற சிறு நெட்வொர்க் செய்திதான். அதன் எளிமை எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. எல்லா பிட்டும் 1 ஆக உள்ள 6 பைட். அதைத் தொடர்ந்து, எழுப்ப வேண்டிய நெட்வொர்க் கார்டின் 6 பைட் முகவரி 16 முறை திரும்பத் திரும்ப. மொத்தம் 102 பைட். அவ்வளவுதான். கடவுச்சொல் கட்டாயமில்லை, பதில் வராது, போய்ச் சேர்ந்ததா என்று உறுதியும் கிடைக்காது. ப்ராசசர் தூங்கிக்கொண்டிருக்க, நெட்வொர்க் கார்டு மட்டும் அரைக்கண் திறந்து தன் பெயர் 16 முறை ஒலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஒலித்ததும் மதர்போர்டைத் தட்டிவிடும்.

இந்த எளிய ஏற்பாடு ஏன் இத்தனை வீடுகளில் வேலை செய்வதில்லை? முதல் காரணம் தூங்கும் கார்டுக்கே கரன்ட் போகாமல் இருப்பது. இதன் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. சும்மா இருக்கும் மின்சாதனம் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற இலக்கைச் சர்வதேச எரிசக்தி முகமை 1999-ல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் அதைச் சட்டமாக்கியது. 2010 முதல் 1 வாட், 2013 முதல் அரை வாட் என்று வரம்பை இறுக்கியது. மதர்போர்டு தயாரிப்பாளர்கள் அதற்காக மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ‘இஆர்பி’ என்றொரு அமைப்பை வைத்தார்கள். அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் ஆன பிறகு நெட்வொர்க் கார்டுக்குப் போகும் கரன்டும் நின்றுவிடும். காது கேட்காத கார்டை எத்தனை முறை கூப்பிட்டும் பயனில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த ஒரு விதி, நாம் மிச்சப்படுத்தும் வழியை அடைக்கிறது. ஷட்டவுன் முறையில் எழுப்ப நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்பைத்தான். பல போர்டுகளில் இது எஸ்4, எஸ்5 நிலைகளை மட்டும்தான் பாதிக்கும் என்பதால், எஸ்3-ஐத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே வராமல் போகலாம்.

இரண்டாவது காரணம் சாஃப்ட்வேர். லினக்ஸில் ‘எத்டூல்’ என்ற கருவியால் கார்டிடம் “மேஜிக் பாக்கெட்டுக்கு எழு” என்று சொல்லி வைக்க வேண்டும். பல கார்டுகளில் அந்த அமைப்பு ரீபூட் ஆனால் மறந்துபோகும். ஆகவே நெட்வொர்க் அமைப்பிலேயே அதை நிரந்தரமாக எழுதி வைப்பது அவசியம். அதே கருவியில் “எனக்கு எந்தப் பாக்கெட் வந்தாலும் எழு” என்றும் அமைக்கலாம். கேட்க வசதியாகத் தோன்றும். ஆனால் வீட்டு நெட்வொர்க்கில் டிவியும் ஃபோனும் ரவுட்டரும் ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். சர்வர் கண் மூடிய மறுநிமிடம் எழுந்துவிடும். அதன் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது காரணத்தைத்தான் கண்டுபிடிக்க நாள் ஆகும். தூங்க வைத்த உடனே சோதித்தால் எழும். மறுநாள் காலையில் எழாது. பாக்கெட்டை சர்வரின் ஐபி முகவரிக்கு அனுப்புகிறவர்களுக்கு இது நடக்கும். ஐபி முகவரிக்கும் கார்டின் முகவரிக்கும் உள்ள தொடர்பை, அனுப்பும் கருவியோ ரவுட்டரோ கொஞ்ச நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். அது மறந்த பிறகு “இந்த ஐபி யாருடையது?” என்று கேட்கும்; தூங்கும் மெஷின் பதில் சொல்லாது; பாக்கெட் அங்கேயே கைவிடப்படும். அதனால்தான் மேஜிக் பாக்கெட்டை எப்போதும் வீட்டு நெட்வொர்க் முழுவதற்குமான பிராட்காஸ்ட்டாக அனுப்ப வேண்டும். வெளியூரிலிருந்து எழுப்ப நினைத்தாலும் வீட்டுக்குள் விழித்திருக்கும் ஒன்றின் வழியாகத்தான், ரவுட்டரோ, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரோ, அதை அனுப்பியாக வேண்டும். வைஃபையில் இருக்கும் சர்வரை எழுப்பும் முயற்சி பெரும்பாலும் வீண். கேபிள் இழுத்துவிடுங்கள்.

ஆப்பிள் இந்தப் பிரச்சினையை 2009-ல் அழகாக அணுகியது. ஸ்னோ லெப்பர்ட் வெளியீட்டில் ‘ஸ்லீப் ப்ராக்ஸி’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மேக் தூங்கும் முன் தான் தரும் சேவைகளின் பட்டியலை வீட்டிலுள்ள ஏர்போர்ட் ரவுட்டரிடம் ஒப்படைத்துவிடும். யாராவது அந்தச் சேவையைத் தேடினால் ரவுட்டரே “இருக்கிறது” என்று பதில் சொல்லி, பேச்சு தொடங்கும்போது மேக்கை எழுப்பிவிடும். தேடுகிறவருக்கு மேக் தூங்கியதே தெரியாது. மற்ற உலகத்தில் இப்படியொரு பொது ஏற்பாடு வேரூன்றாமல் போனது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். நாம் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த ஒட்டுகளில் எனக்குப் பிடித்தது டிவியைக் கொண்டு எழுப்புவது. வீட்டுக் கருவிகளை இணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால், டிவி ஆன் ஆனதும் மேஜிக் பாக்கெட் அனுப்பு என்று ஒரு விதி எழுதினால் போதும். டிவியின் லோகோ மறைந்து, ஆப்பைத் தேடித் திறந்து, யார் பார்க்கிறீர்கள் என்ற திரையைக் கடப்பதற்குள் சர்வர் தயாராக நிற்கும். ஹார்டு டிஸ்க் நின்ற இடத்திலிருந்து சுழன்று முழு வேகத்துக்கு வர எடுக்கும் பத்து நொடியும் இதற்குள் மறைந்துவிடும். கோடி மீடியா பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு சர்வரை எழுப்பும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனில் ஒரே பட்டனாக வைத்துக்கொள்ளும் ஆப்களும் உண்டு. ஆனால் வீட்டில் எல்லோரும் அதை நினைவில் வைத்து அழுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

எழுவது உறுதியான பிறகுதான் தூக்கம். இங்கேதான் உண்மையான சிந்தனை தேவைப்படுகிறது, ஏனென்றால் சர்வருக்கு வேலை இல்லை என்று எதை வைத்து முடிவு செய்வது?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சொந்த முடிவை நம்பக் கூடாது. லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின் சேவைக்கு, சும்மா இருந்தால் தூங்கு என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அது பார்ப்பது லாகின் செய்தவர்களின் கீபோர்டு, மவுஸ் அசைவை. மீடியா சர்வரில் யாரும் லாகின் செய்வதே இல்லை. ஆகவே நான்கு டிவியில் படம் ஓடினாலும் அதன் கணக்கில் அந்த மெஷினில் யாரும் இல்லை. லினக்ஸின் திரை இடைமுகங்களில் ஒன்றான குனோம் டெஸ்க்டாப் 2018-ல் வந்த 3.28 வெளியீட்டிலிருந்து, பிளக்கில் இருக்கும் மெஷினையும் 20 நிமிடத்தில் தூங்க வைப்பதையே இயல்பாக்கியது. குனோமோடு இன்ஸ்டால் ஆன சர்வர் திடீர் திடீரென்று காணாமல் போவதற்கு இதுவே காரணம். முதலில் இந்தத் தானியங்கித் தூக்கத்தை எல்லாம் அணைத்துவிட்டு, முடிவெடுக்கும் பொறுப்பை ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

சரி, ப்ராசசரின் சுமையைப் பார்த்தால்? படத்தின் வடிவத்தை மாற்றி அனுப்பும்போது சுமை தெரியும். ஆனால் டிவிக்கு ஏற்ற வடிவத்தில் ஃபைல் இருந்தால் சர்வர் அதை அப்படியே அள்ளிக் கொடுக்கும். ப்ராசசர் கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டே அதைச் செய்துவிடும். நெட்வொர்க் வேகம்? இது கொஞ்சம் மேல். 2 மணி நேரப் படம் 8 ஜிபி என்றால் சராசரியாக நொடிக்கு 9 மெகாபிட் போக வேண்டும், அது கண்ணில் படும். ஆனால் பாட்டில் இது ஏமாற்றும். 320 கிலோபிட் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பிதான். சில ஆப்கள் அதை ஒரே நொடியில் முழுதாக இழுத்துக்கொள்ளும். அடுத்த ஐந்து நிமிடம் கேபிளில் சத்தமே இருக்காது. மூன்று நிமிட அமைதியை அளவுகோலாக வைத்தால் இளையராஜா பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சர்வர் போயிருக்கும்.

திறந்திருக்கும் இணைப்புகளை எண்ணலாம் என்பது அடுத்த யோசனை. ஜெல்லிஃபின் 8096-ஆம் போர்ட்டிலும் பிளெக்ஸ் 32400-இலும் கேட்கும். அங்கே யாராவது இணைந்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். இங்கே தவறு எதிர்ப்பக்கமாகப் போகும். டிவி ஆப்பும் ஃபோன் ஆப்பும் எதுவும் ஓடாதபோதும் இணைப்பை விடாமல் பிடித்திருக்கும். யாரோ ஃபோனில் ஆப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால் சர்வர் இரவு முழுக்க விழித்திருக்கும்.

கேட்க வேண்டியவரிடமே கேட்பதுதான் சரியான வழி. என்ன ஓடுகிறது என்பது மீடியா சர்வர் மென்பொருளுக்கே தெரியும். ஜெல்லிஃபின்னின் ஏபிஐயில் (மற்ற நிரல்கள் அதனிடம் கேள்வி கேட்கும் வழி) தற்போதைய செஷன்களைக் கேட்டால், ஒவ்வொரு கருவிக்கும் என்ன ஓடுகிறது, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதா என்று தெளிவாகச் சொல்லும். பிளெக்ஸிலும் இதே தகவல் கிடைக்கும். நிறுத்தி வைத்த படத்துக்கு என்ன செய்வது என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல, வீட்டுக் கேள்வி. ஃபோன் வந்தால் எவ்வளவு நேரம் பேசுவார்கள், நடுவில் சாப்பிட எழுந்தால் எப்போது திரும்புவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். என் தேர்வு ஒரு மணி நேரம். அதற்கு மேல் அந்தப் படம் இன்றைக்கு இல்லை.

படம் மட்டுமே சர்வரின் வேலை என்று இருந்துவிடவும் கூடாது. புதிய படங்களைப் பட்டியலிடும் லைப்ரரி ஸ்கேன், சின்னச் சின்ன முன்னோட்டப் படங்களைத் தயாரிக்கும் வேலை, வேறொரு கணினியிலிருந்து வரும் பேக்கப், எஸ்எஸ்எச் வழியாக வேறிடத்திலிருந்து உள்ளே வந்திருக்கும் ஆள், ஓடிக்கொண்டிருக்கும் அப்டேட், டோரண்ட் எல்லாம் விழித்திருக்க வைக்க வேண்டிய காரணங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைத்திருந்தால் இன்னொன்று: டெபியன் லினக்ஸ் மாதத்தின் முதல் ஞாயிறன்று டிஸ்க்குகளை முழுதாகச் சரிபார்க்கும். பல மணி நேரம் ஓடும் அந்த வேலையை ஒவ்வொரு முறையும் நடுவில் வெட்டினால், பழுதான டிஸ்க் பற்றிய எச்சரிக்கை உங்களுக்கு வராமலே போகலாம். இதையெல்லாம் சொந்தமாக எழுதத் தேவையில்லை. ‘ஆட்டோசஸ்பெண்ட்’ என்ற திறமூல மென்பொருளில் இப்படிப்பட்ட சோதனைகள் பல தயாராக உள்ளன. இணைப்பு, சுமை, ஃபைல் பகிரும் சாம்பா, லாகின், கோடி, ஏபிஐயின் பதிலைப் படித்துப் பார்ப்பது என்று வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாச் சோதனையும் தொடர்ந்து இத்தனை நிமிடம் “வேலை இல்லை” என்று சொன்னால்தான் தூக்கம். ஒன்று ஆட்சேபித்தாலும் கடிகாரம் முதலிலிருந்து தொடங்கும். அந்த நிமிடத்தை 20, 30 என்று தாராளமாக வையுங்கள். கூடுதலாக விழித்திருக்கும் அரை மணி நேரத்தில் செலவாவது ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு.

தானே எழ வேண்டிய நேரமும் சர்வருக்குத் தெரிய வேண்டும். இதில் முன்னோடி என்று டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் மென்பொருள்களைத்தான் சொல்ல வேண்டும். 2002-ல் தொடங்கிய மித்டிவி, அடுத்த பதிவு எப்போது என்று பார்த்து, மதர்போர்டு கடிகாரத்தில் அதற்குச் சில நிமிடம் முன்னதாக அலாரம் வைத்துவிட்டு அணையும் வசதியைக் கொண்டிருந்தது. அதே கடிகாரத்தை இன்று ‘ஆர்டிசி வேக்’ என்ற சிறு கட்டளையால் நாமும் பயன்படுத்தலாம். இரவு மூன்று மணி பேக்கப்புக்கு எழுந்து, முடித்துவிட்டுத் திரும்பத் தூங்கும்.

அடிக்கடி நின்று ஓடினால் ஹார்டு டிஸ்க் கெட்டுவிடாதா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இன்றைய டிஸ்க்குகளின் தலைப்பகுதி இறங்கி ஏறுவதற்கு 3 லட்சம் அல்லது 6 லட்சம் முறை என்று தயாரிப்பாளர்கள் அளவு தருகிறார்கள். சர்வர் நாளுக்குப் பத்து முறை தூங்கி எழுந்தாலும் ஐந்து வருடத்தில் 18,250. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: சர்வரை விழிக்க வைத்துவிட்டு டிஸ்க்கை மட்டும் ஐந்து நிமிடத்தில் நிறுத்தும் அமைப்பு. ஏதாவது ஒரு லாக் ஃபைல் அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தால், அது ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை வரை நின்று ஓடும். வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். சிஸ்டமும் ஜெல்லிஃபின்னின் தரவுத்தளமும் எஸ்எஸ்டியில், படங்கள் மட்டும் ஹார்டு டிஸ்க்கில் என்று பிரித்துவிட்டால் இது தீர்ந்தது.

கரன்ட் போவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை மின்சாரம் நிறுத்தப்படும் ஊர்களில் இது தவிர்க்க முடியாதது. எஸ்3-இல் இருக்கும்போது கரன்ட் போனால் ராமில் இருந்தது அழியும். லினக்ஸ் தூங்கும் முன் எழுத வேண்டியதை டிஸ்கில் எழுதிவிடுவதால் பெரிய சேதம் வராது. பிரச்சினை கரன்ட் திரும்பிய பிறகுதான். சர்வர் முழுதாக அணைந்த நிலையில் இருக்கும். பல போர்டுகளில் ஒரு முறை பூட் ஆகும்வரை நெட்வொர்க் கார்டு மேஜிக் பாக்கெட்டைக் கேட்கும் நிலைக்கே வராது. பயாஸில், கரன்ட் திரும்பினால் தானாக ஆன் ஆகு என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். பூட் ஆகும், அரை மணி நேரம் வேலை வருகிறதா என்று பார்க்கும், வராவிட்டால் ஒழுங்காகத் தூங்கப் போகும்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையா? இல்லை. இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள சின்னப் பெட்டி, எஸ்எஸ்டி மட்டும் என்றால் 8 வாட் அளவில்தான் இருக்கும். இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்டுக்கும் கீழே. அதை ஓட விட்டுவிடலாம். ராஸ்பெர்ரி பையைத் தூங்க வைக்க முயல்வதில் அர்த்தமே இல்லை, எஸ்3 போன்ற நிலை அதில் கிடையாது. இந்த உழைப்பு எல்லாம் பழைய டெஸ்க்டாப்புக்கும், நான்கைந்து டிஸ்க் சுழலும் பெட்டிக்கும்தான்.

அப்படி ஒரு பெட்டி உங்களிடம் இருந்தால், முதல் வாரம் அதை நிஜமாகத் தூங்க வைக்காதீர்கள். தூங்க வைக்கும் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில், லாகில் நேரத்தோடு ஒரு வரி எழுதும் கட்டளையைப் போடுங்கள்: “இப்போது தூங்கியிருப்பேன்.” வார முடிவில் அந்த வரிகளை வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சனி இரவு 10.40-க்கு ஒரு வரி இருந்து, அந்த நேரத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனை அதைத் தவறவிட்டது என்று தேடுங்கள். செவ்வாய் பகல் முழுக்க ஒரு வரிகூட இல்லை என்றால், யாரும் இல்லாத வீட்டில் எது அதை விழிக்க வைத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஃபோன் ஆப்போ, மறந்துபோன டோரண்டோ அங்கே இருக்கும். இரண்டு வகைத் தவறும் இல்லாத ஒரு வாரம் கிடைத்ததும், அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு நிஜக் கட்டளையைப் போடலாம்.